ஒரே டிஸ்க்கில் இரண்டு குடித்தனம்

ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டர் வெறும் 512 பைட். இந்தப் பத்தியைத் தமிழ் யூனிகோடில் அடித்தால் அதில் பாதிகூட அங்கே கொள்ளாது. சுவிட்சைப் போட்டதும் கணினியின் பயாஸ் அந்த 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அடுத்து எழுந்திருக்கப்போவது டாஸா, விண்டோஸா, லினக்ஸா என்பதை அங்கே இருக்கும் சிறு நிரல்தான் தீர்மானிக்கும். ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் இருக்கலாம், வாசல் ஒன்றுதான். ஒரே மெஷினில் இரண்டு ஓஎஸ் வைத்துக்கொள்ளும் வழக்கத்தின் நாற்பதாண்டுக் கதை பெரும்பாலும் இந்த வாசலைப் பற்றிய கதை. அடுத்தவருக்கு வழி விட்டவர்கள் யார் யார் என்று அந்தக் கதையில் தேடிப் பார்த்தேன். அநேகமாக எல்லோருமே இரண்டாவதாகக் குடிவந்தவர்கள்.

திருச்சியை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைக் கவனித்துக்கொண்டவள் நான். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே எல்லா மெஷின்களிலும் இரண்டு ஓஎஸ் இருந்தன. அது யாருடைய ஆசையும் அல்ல, பாடத்திட்டத்தின் நெருக்கடி. முதலாம் ஆண்டுக்கு டர்போ சி, மேல் வகுப்புக்கு விஷுவல் பேசிக்; இவற்றுக்கு விண்டோஸ் வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் ஷெல் ஸ்கிரிப்ட், ஃபோர்க், செமஃபோர் எல்லாம் செய்துகாட்ட யூனிக்ஸ் வகையில் ஒன்று வேண்டும். இரண்டு லேப் கட்ட நிர்வாகத்திடம் பணம் இருக்காது. ஆகவே ஒரே டிஸ்க்கில் விண்டோஸ் 98, பக்கத்தில் ரெட் ஹாட் லினக்ஸ். தமிழ்நாட்டில் டூயல் பூட் என்பதை ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முதன்முதலில் பார்த்தது இப்படிப்பட்ட கல்லூரி லேபுகளில்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதன் வேர் 1981இல் இருக்கிறது. அந்த ஆகஸ்ட்டில் ஐபிஎம் தன் பிசியை அறிவித்தபோது அதில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. எந்த ஃப்ளாப்பியைப் போடுகிறோமோ அதுதான் அன்றைய ஓஎஸ். பிசி டாஸ், சிபி/எம்-86, யுசிஎஸ்டி பி-சிஸ்டம் என்று மூன்றை ஐபிஎம் விற்றது. டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். எது ஜெயிக்கும் என்பதை விலையே பெரும்பாலும் சொல்லிவிட்டது. வேண்டுமானால் மூன்றையும் வாங்கி மேஜையில் அடுக்கி வைத்துக்கொள்ளலாம்; ஒன்றை ஒன்று தொடாது.

1983 மார்ச்சில் பிசி எக்ஸ்டி வந்தது. அதில் 10 மெகாபைட் டிஸ்க், கூடவே டாஸ் 2.0, அதனுள் எஃப்டிஸ்க் என்ற கருவி. டிஸ்க்கைப் பாகம் பிரிக்கும் வேலை அன்றுதான் பிசிக்குள் வந்தது. அந்த முதல் செக்டரை அப்போது எப்படிப் பிரித்தார்களோ அந்த அமைப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது: 446 பைட் நிரலுக்கு, 64 பைட் பாகப் பட்டியலுக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. பட்டியலில் ஒரு பாகத்துக்கு 16 பைட், ஆக நான்கு பாகங்கள். பத்தே மெகாபைட் டிஸ்க்கில் எதற்கு நான்கு பாகம் என்று கேட்கத் தோன்றும். வெவ்வேறு ஓஎஸ்கள் ஒரே டிஸ்க்கைப் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். அந்த வயதில் டாஸுக்கே தான் ஒருவன்தான் என்ற நினைப்பு இல்லை; சிபி/எம்மும் ஸெனிக்ஸும் பக்கத்தில் வந்து உட்காரக்கூடும் என்று எதிர்பார்த்தது. நான்கில் ஒன்றுக்குத்தான் 'ஆக்டிவ்' என்ற குறி. வேறு ஓஎஸ் வேண்டுமென்றால் எஃப்டிஸ்க்கைத் திறந்து குறியை மாற்றிவிட்டு மெஷினை மறுபடி கிளப்ப வேண்டும். சுற்றுவழிதான், ஆனால் நேர்மையான ஏற்பாடு.

பிறகு டாஸ் எங்கும் பரவியது. பரவிய பின் யார் வந்தாலும் அதற்குப் பக்கத்தில்தான் வந்தாக வேண்டும். 1992இல் ஐபிஎம் வெளியிட்ட ஓஎஸ்/2 2.0 தனக்கென்று ஒரு மெகாபைட் அளவில் சிறு பாகம் ஒதுக்கி அதில் பூட் மேனேஜர் என்ற பட்டியலை வைத்தது. மெஷின் எழும்போது 'எதைத் திறக்கட்டும்?' என்று கேட்கும் அந்தத் திரையைப் பெரும்பாலோர் முதலில் பார்த்தது அங்கேதான். 1993இல் மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் என்டியோடு வந்தது. என்டி புதியது, கனமானது, அதில் ஓடும் மென்பொருட்கள் குறைவு. வாடிக்கையாளர் பழைய டாஸை விட்டுவிடத் தயாரில்லை. ஆகவே என்டி என்ன செய்தது தெரியுமா? டாஸின் பழைய பூட் செக்டரை அப்படியே ஒரு கோப்பாகப் பத்திரப்படுத்தி, பூட் டாட் ஐஎன்ஐ என்ற கோப்பில் இரண்டின் பெயரையும் எழுதி, முப்பது விநாடி காத்திருந்து கேட்டது. டூயல் பூட்டை மைக்ரோசாஃப்ட் விரும்பாது என்று லினக்ஸ்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாதி உண்மை. தான் இரண்டாவதாக வந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட் மிக மரியாதையாகவே நடந்துகொண்டது.

லினக்ஸ் பிறந்ததே குடித்தனக்காரராகத்தான். ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை எழுதத் தொடங்கியபோது அவருடைய 386இல் மினிக்ஸ் இருந்தது. லினக்ஸை மினிக்ஸிலிருந்தபடிதான் வளர்த்தார். ஒருநாள் மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளை ஹார்ட் டிஸ்க்குக்குப் போய், மினிக்ஸ் இருந்த பாகம் அழிந்தது. திரும்ப மினிக்ஸைப் போடுவதா, லினக்ஸையே சொந்தக் காலில் நிற்க வைப்பதா என்ற கேள்வி வந்தது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். ஆனால் அதைப் பயன்படுத்த வந்த மற்றவர்களின் மெஷின்களில் டாஸ் இருந்தது, அதில் அவர்களுடைய கடிதங்களும் கணக்குகளும் இருந்தன. அவற்றைக் கெடுக்காமல் உள்ளே வரும் வழியை யாராவது செய்தாக வேண்டும்.

செய்தவர் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர், 1992இல். அந்த நிரலின் பெயர் லைலோ (LILO). எங்கள் லேபில் நான் மிக அதிகம் பழகியது அதோடுதான். லைலோ தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் அடிக்கும், ஒவ்வொரு எழுத்தும் ஒரு படி தாண்டியதற்கு அடையாளம். முதல் 'எல்' வந்தால் முதல் செக்டர் நிரல் ஓடத் தொடங்கிவிட்டது. 'எல் ஐ' என்று நின்றால் இரண்டாம் கட்டம் நினைவகத்துக்கு வந்திருக்கிறது, ஆனால் ஓட முடியவில்லை. கோப்பு இடம் மாறியிருக்கும், அல்லது டிஸ்க்கின் அளவை பயாஸ் ஒருவிதமாகவும் லைலோ வேறுவிதமாகவும் எண்ணியிருக்கும். 'எல்'லுக்குப் பின் வரிசையாக எண்கள் ஓடினால் டிஸ்க்கைப் படிப்பதிலேயே கோளாறு. நான்கும் முழுதாக வந்துவிட்டால் நிம்மதி. 446 பைட்டுக்குள் விளக்கமான பிழைச்செய்தி எழுத இடமில்லை என்பதால் அந்த மனிதர் தன் நிரலின் பெயரையே பிழைச்செய்தியாக ஆக்கியிருக்கிறார். இவ்வளவு சிக்கனமாக, இவ்வளவு பயனுள்ளதாக எழுதப்பட்ட இன்னொன்றை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. மெஷினைத் திறக்காமலே, வரிசையின் கடைசியில் நின்றபடி, எதில் என்ன கோளாறு என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

லைலோவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அது கோப்புகளைப் பெயரால் அறியாது. லினக்ஸ் கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்த செக்டரில் இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றினால் லைலோவை மறுபடி ஓட்டியே ஆக வேண்டும். இன்னொன்று 1024 சிலிண்டர் எல்லை. பழைய பயாஸ் அதற்கப்பால் படிக்காது. 8.4 ஜிகாபைட்டுக்கு அந்தப் பக்கம் கெர்னல் போய்விட்டால் லினக்ஸ் எழாது. 20, 40 ஜிகாபைட் டிஸ்க்குகள் வந்துவிட்ட காலம். முன்பகுதியை விண்டோஸ் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் டிஸ்க்கின் தொடக்கத்திலேயே லினக்ஸின் பூட் பாகத்துக்கு மட்டும் ஒரு துண்டு நிலம் ஒதுக்கி, அதன் பின் சி டிரைவை வைப்பது அன்றைய வழக்கம். பின்னால் வந்த லைலோவும் புதிய பயாஸும் இந்த எல்லையைப் போக்கிவிட்டன. ஆனாலும் பூட்டுக்குத் தனிப் பாகம் ஒதுக்கும் பழக்கம் பல லேபுகளில் வெகுநாள் தொடர்ந்தது.

ஏற்கெனவே டிஸ்க் முழுவதையும் விண்டோஸ் ஆக்கிரமித்திருந்தால்? அங்கேதான் ஃபிப்ஸ் வரும். அர்னோ ஷேஃபர் என்பவர் எழுதிய சின்னஞ்சிறு டாஸ் நிரல். அக்காலத்தில் எங்கள் ஊருக்கு லினக்ஸ் வந்தது டயல்-அப் வழியாக அல்ல. பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு வரும் சிடியில். ரெட் ஹாட் சிடியின் டாஸ்யூட்டில்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஃபிப்ஸும், பூட் ஃப்ளாப்பி தயாரிக்கும் ராரைட்டும் இருக்கும். ஃபிப்ஸை ஓட்டும் முன் விண்டோஸில் டிஃப்ராக் செய்ய வேண்டும். சிதறிக் கிடக்கும் கோப்புகளையெல்லாம் டிஸ்க்கின் முன்பக்கத்துக்குத் தள்ளினால்தான் பின்பக்கம் காலியாகும். திரையில் வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு செமஸ்டர் லீவில் லேபில் தனியாக உட்கார்ந்திருப்பேன். பிறகு ஃப்ளாப்பியிலிருந்து மெஷினைக் கிளப்பி ஃபிப்ஸை ஓட்டினால், பழைய முதல் செக்டரை ஃப்ளாப்பியில் காப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று அதுவே கேட்கும். அதன் பிறகு இடது வலது அம்புக்குறியை அழுத்த அழுத்த ஒரு பக்க எண் குறைந்து மறு பக்க எண் கூடும். இதே வேலைக்கு பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக் படம் வரைந்து அழகாகக் காட்டும், ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஃபிப்ஸ் இலவசம். கோப்புகளை அழிக்காமலே பாகம் பிரிக்க முடியும் என்ற தைரியத்தை உலகம் முழுக்கப் பல ஆயிரம் பேருக்குக் கொடுத்தது அந்தச் சிறு நிரல்தான். அதன் பெயர் இன்று யாருக்கும் தெரியாமல் போனது எனக்கு வருத்தமே.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்து என்டிஎஃப்எஸ் பரவியதும் ஃபிப்ஸ் ஓய்வு பெற்றது; அதற்கு டாஸ் காலத்து ஃபாட் மட்டும்தான் தெரியும். அடுத்த ஆண்டே ஹங்கேரியரான சபோல்ச் சகாசிட்ஸ் என்டிஎஃப்எஸ்ரீசைஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தார். என்டிஎஃப்எஸ்ஸின் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதில்லை. லினக்ஸ்காரர்கள் வெளியிலிருந்தபடியே ஆராய்ந்து, தரவு கெடாமல் அதைச் சுருக்கிக் காட்டினார்கள். விண்டோஸே தன் பாகத்தைச் சுருக்கிக்கொடுக்கும் வசதி 2007இல் விஸ்டாவோடுதான் வந்தது.

லேபில் எங்களுக்கு ஒரு மாறாத விதி: முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். காரணம் எளிது. விண்டோஸ் 95 தொடங்கி, அதன் நிறுவல் நிரல் முதல் செக்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தன்னுடையதை எழுதிவிடும். லினக்ஸ் பாகம் பத்திரமாக இருக்கும், போக வழி மட்டும் இருக்காது. லினக்ஸ் அப்படிச் செய்யாது. டிஸ்க்கில் விண்டோஸைக் கண்டால் அதன் பெயரையும் பட்டியலில் சேர்க்கும். வழி அடைபடுவது எதிர்த்திசையிலும் உண்டு. லினக்ஸ் வேண்டாமென்று அதன் பாகத்தை மட்டும் அழித்துவிட்டால், முதல் செக்டரில் இருக்கும் லைலோவோ அதற்குப் பின் வந்த க்ரப்போ தன் மறுபாதியைத் தேடித் தேடி நின்றுவிடும். மாணவர்கள் வீட்டு மெஷினில் இதைச் செய்துவிட்டு மறுநாள் ஓடி வருவார்கள்.

"மேம், விண்டோஸ் போயிடுச்சு மேம்."

"எங்கேயும் போகலைப்பா. உள்ளேதான் இருக்கு, வாசல்தான் அடைபட்டுப் போச்சு."

அதற்கு மருந்து டாஸ் ஃப்ளாப்பியில் கிளப்பி 'எஃப்டிஸ்க் ஸ்லாஷ் எம்பிஆர்' என்று அடிப்பது. டாஸ் 5 முதல் இருந்தும் கையேட்டில் முறையாகச் சொல்லப்படாத கட்டளை அது. சர்வீஸ் செய்பவர்களின் வாய்வழியாகவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு பிரச்சினை நம் நாட்டவருக்கு மிகத் தெளிவாகத் தெரியும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை வைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தை. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். ரெக்கார்ட் நோட்டுக்காக எடுத்த பிரிண்ட் அவுட்டில் மதியம் இரண்டு மணி லேபுக்குக் காலை எட்டரை என்று விழுந்தால் எந்த மாணவர் எதிலிருந்து வந்தார் என்று புரிந்துகொள்வேன்.

லைலோவின் இடத்தை க்ரப் எடுத்துக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எரிக் போலின் 1995இல் குனு ஹர்ட் என்ற ஓஎஸ்ஸை எழுப்ப எழுதியது. 1999 முதல் குனு திட்டத்தின் அங்கம். கோப்புமுறையைத் தானே படிக்கத் தெரிந்தது அதன் பலம். கெர்னல் மாறினாலும் மறுபடி ஓட்டத் தேவையில்லை. 2001இல் ரெட் ஹாட் 7.2 அதையே முதல் தேர்வாக ஆக்கியது.

விரிவாகச் சொல்ல வேண்டியது பி நிறுவனத்தின் கதையை. ஆப்பிளிலிருந்து வெளியேறிய ஜான்-லூயி காஸே நடத்திய நிறுவனம் அது. பிஓஎஸ் என்ற அவர்களுடைய ஓஎஸ் வேகத்துக்கும் ஒலி, வீடியோ வேலைக்கும் பெயர் பெற்றது. விண்டோஸை விரட்ட முடியாது என்று காஸேக்குத் தெரியும். அவர் கேட்டது பக்கத்தில் ஓர் இடம் மட்டுமே. மெஷின் எழும்போது பட்டியலில் பிஓஎஸ்ஸும் தெரியும்படி வைக்கும் தயாரிப்பாளருக்கு இலவசமாகவே தருகிறேன் என்றார். ஜப்பானின் ஹிட்டாச்சி தன் ஃப்ளோரா ப்ரியஸ் கணினிகளில் விண்டோஸ் 98ஐயும் பிஓஎஸ்ஸையும் சேர்த்து வைத்தது. ஆனால் கடைக்கு வந்த மெஷினில் அந்தப் பட்டியல் இல்லை. பிஓஎஸ் டிஸ்க்கில் இருந்தது. வாங்கியவர் தாமாகச் சில படிகள் செய்தால்தான் அதை எழுப்ப முடியும். விண்டோஸ் உரிமத்தின் நிபந்தனைகள் பூட் பட்டியலைத் தடுத்தன என்பது பியின் வாதம். 2001இல் பி தன் சொத்துகளை 1.1 கோடி டாலருக்கு பாம் நிறுவனத்துக்கு விற்றது. 2002இல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. 2003 செப்டம்பரில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 2.325 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வழக்கை முடித்துக்கொண்டது.

இதற்கிடையில் 2002 நவம்பரில் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்திருந்த பெரிய வழக்கில் இறுதி ஆணை வந்தது. அதில், விண்டோஸ் தொடங்குமுன் வேறு பூட் லோடர் வழியாக வேறு ஓஎஸ்ஸைத் திறக்கும் வாய்ப்பைக் கணினித் தயாரிப்பாளர்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாம், மைக்ரோசாஃப்ட் அதைத் தடுக்கக் கூடாது என்று எழுதப்பட்டது. லேபில் நாங்கள் அன்றாடம் கண்ட அந்தப் பட்டியல் நீதிமன்ற ஆணையில் இடம்பெறும் அளவுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. பிஓஎஸ்ஸுக்குத்தான் காலம் கடந்துவிட்டது.

கடையில் வாங்கும் மெஷினில் இரண்டு ஓஎஸ் என்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அதைத் தமிழ்நாட்டில் ஓர் அரசுத் திட்டம் பெரிய அளவில் செய்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வாங்கிக் கொடுத்த மெஷின்களில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. கிராமத்துப் பிளஸ் டூ பிள்ளை பையிலிருந்து எடுத்துத் திறந்ததும் எது வேண்டும் என்று திரை கேட்டது. பலர் பாஸ் பாகத்தை அழித்துப் படம் சேமிக்க இடமாக்கிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மெஷின்கள் கல்லூரிக்கு வந்தபோது பார்த்தேன். ஆனால் முதலாம் ஆண்டு லினக்ஸ் லேபில் டெர்மினலைப் பார்த்து மிரளாத பிள்ளைகள் சிலர் அந்தத் தொகுதிகளில்தான் முதன்முதலாக வந்தார்கள். எங்கே கற்றாய் என்று கேட்டால், "கவர்மென்ட் லேப்டாப்ல இருந்துச்சு மேம், சும்மா திறந்து பார்த்தேன்" என்பார்கள். சும்மா திறந்து பார்க்க ஒன்று இருந்ததே, அதுவே பெரிது.

ஆப்பிள் 2006இல் இன்டெலுக்கு மாறிய கையோடு பூட் கேம்ப் என்று விண்டோஸுக்கு வழிவிட்டது. சந்தையில் அது சிறுபான்மை, வழிவிட வேண்டிய நிலை. சொந்தச் சில்லுக்கு மாறிய பிறகு பூட் கேம்ப் இல்லை.

2012இல் விண்டோஸ் 8 மெஷின்களோடு பயாஸும் அந்த 512 பைட் ஏற்பாடும் விடைபெறத் தொடங்கின. பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐயில் பூட்டுக்கென்றே தனிப் பாகம். அதில் ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் ஒரு ஃபோல்டர். ஒருவரை அழித்து ஒருவர் எழுத வேண்டியதில்லை. சண்டை தீர்ந்தது என்றிருந்தபோது செக்யூர் பூட் வந்தது. கையெழுத்திடப்பட்ட நிரல்தான் எழும். பெரும்பாலான மெஷின்களில் நம்பப்படும் கையெழுத்து மைக்ரோசாஃப்ட்டுடையது. மேத்யூ காரெட் முதலியோர் ஷிம் என்ற சிறு நிரலை எழுதி மைக்ரோசாஃப்ட்டிடமே கையெழுத்து வாங்கி, அதன் வழியாக லினக்ஸைக் கொண்டுவந்தார்கள். 2024 ஆகஸ்ட்டில் விண்டோஸின் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு பழைய ஷிம்களைத் தடைசெய்தது. டூயல் பூட் மெஷின்களைத் தொடாது என்று அறிவித்திருந்தும், பலருடைய லினக்ஸ் அன்று எழவில்லை.

லினக்ஸ் பக்கமும் ஒரு மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். 2021இல் வந்த க்ரப் 2.06, பக்கத்துப் பாகங்களில் வேறு ஓஎஸ் இருக்கிறதா என்று தேடும் வேலையை இயல்பாகவே நிறுத்திவைத்தது. அடுத்தவர் பாகத்தைத் திறந்து படிப்பது பாதுகாப்புக்கு ஆபத்து என்பது காரணம். காரணம் சரியானதே. ஆனாலும் முப்பதாண்டுகளாகப் பக்கத்து வீட்டுப் பெயரையும் தன் வாசலில் எழுதி வைத்தவர் அதை நிறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் பழையபடி தேடும்.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து பழைய மாணவர்களின் அழைப்பு கூடியிருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் 11க்குப் போக முடியாத, மற்றபடி நன்றாக ஓடுகிற மெஷின்கள். டாலியும் பழைய பிரிண்டரும் வேண்டும் என்பதால் விண்டோஸையும் விட மனமில்லை. அவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: கோப்புகளை வெளி டிஸ்க்கில் காப்பி எடு. பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணை. இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக அணையாது, அதன் பாகத்தில் லினக்ஸால் எழுத முடியாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கு. ஒருமுறை மறுபடி கிளப்பி, விண்டோஸ் சரியாக எழுகிறதா என்று பார். லினக்ஸ் பென் டிரைவைச் சொருகுவது அதற்குப் பிறகுதான்.